கரண்ட் போனதும் ஏணி எடுப்பவர்களுக்கு

இன்று காலை எங்கள் ஊர் கோப்பெங்கில் கரண்ட் போனது. எஸ்டேட் தோட்டத்தில் இருந்த காலத்துப் பழக்கம், என் கணவர் உடனே அலுமினியத் துரட்டியோடு ஏணியில் ஏறிவிட்டார். மின்கம்பியில் உரசும் ரம்புத்தான் பழமரக் கிளையை இழுக்க அதுதான் நல்ல நேரமாம்.

“ஆளுங்க வந்து சரிபண்ண ரெண்டு மணி நேரம் ஆகும்லா!”

என்றபடி துரட்டியை நீட்டினார். வீட்டுக்குள் நின்றுபோயிருந்த காற்றாடி மறுபடி சுற்றத் தொடங்கியது.

“கையை எடுங்க!” என்று அலறினேன். துரட்டிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்தான்.

போன வாரம் மின்கம்பத்தில் புதுப் பெட்டி மாட்டியவர் சொன்னார்: “இனிமே நாங்க வரத் தேவையில்ல அக்கா. கரண்ட் தானா திரும்பி வந்துரும்.” சந்தோஷத்தில் அவருக்குப் பால் சேர்க்காத தே ஓ தேநீர் கலக்கிக் கொடுத்தேன். கணவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

என் அலறலில் அவர் துரட்டியோடு இறங்கிவிட்டார். துரட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். அங்கே இன்னும் இடமிருக்கிறது, உங்கள் வீட்டுத் துரட்டியையும் கொண்டுவாருங்கள்.