பொறுங்கள், திறக்கிறோம்

இது கட்டிவிட்ட கதையன்று. அந்த மகள் தன் வாயால் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

அவளுடைய தந்தை கடற்படைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். போரில் அவருடைய கப்பலின் அடித்தளத்து அறையொன்றில் குண்டு பாய்ந்து நீர் புகுந்தது. உள்ளே எழுவர் உயிரோடிருக்கும்போதே அவ்வறையின் இரும்புக் கதவை அடைக்கச் சொன்னார். கப்பல் பிழைத்தது. பதக்கம் வந்தது, அமைதிக் காலத்தில் பதவிமேல் பதவியும் வந்தது.

அக்கப்பலில் ஒரு வழக்கம் இருந்தது. அடைபட்டவர் மூன்று முறை தட்டினால், ‘உயிரோடிருக்கிறோம்’ என்று பொருள். வெளியிலிருந்து இரண்டு முறை தட்டினால், ‘பொறுங்கள், திறக்கிறோம்’.

சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

“தட்டும்போதெல்லாம் ரெண்டு தட்டு தட்டச் சொன்னேம்மா. நம்பிக்கிட்டு அமைதியா இருந்தானுங்க. இல்லன்னா கதவ உடைச்சு எங்களையும் முழுகடிச்சிருப்பானுங்க.”

பின்னாளில் அக்கப்பலைக் கரையேற்றிக் காட்சிக்கூடமாக்கினர். திறந்துவைக்க அவரையே அழைத்தனர். முற்பகல் பதினொரு மணிக்கு மகளோடு அடித்தளத்தில் இறங்கினார். எங்கும் தூசி. அந்த அறையின் வாசலில் மட்டும் ஈரம்.

உடன் வந்த காவலர், “பேய் வந்தாலும் டிக்கெட் எடுத்துத்தான் வரணும் மேடம்” என்றார்.

தந்தை உள்ளே நுழைந்தார். கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

டக்... டக்... டக்...

காவலர் கதவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அறுக்க ஆள் தேடி மேலே ஓடினார்.

மகள் பதிலுக்குத் தட்டக் கையை உயர்த்தினாள். கை கதவில் படவில்லை. அதற்குள்...

டக்... டக்.

கதவின் வெளிப்புறத்தில். அவள் காதருகே.

பக்கத்தில் ஒருவருமில்லை.

உள்ளே சத்தம் அடங்கியது. அப்பா நம்பிவிட்டார்.

“அப்பா... அது நான் இல்லப்பா.”

அவள் குரல் அவருக்குக் கேட்கவில்லை போலும். மீண்டும் மூன்று தட்டு. சற்றே மெலிந்து.

வெளியே இரண்டு.

உள்ளே மூன்று...

வெளியே இரண்டு.

பிறகு, வெளியே மட்டும்.

கதவை அறுத்தபோது நண்பகல்கூட ஆகவில்லை. தந்தை கதவில் சாய்ந்தபடியே இறந்திருந்தார். விரல் முட்டிகளில் தோல் இல்லை.

உடலைச் சோதித்த மருத்துவர் அவளைத் தனியே அழைத்தார்.

“அஞ்சு நாளா உங்கப்பாவுக்குச் சோறு தண்ணி எதுவுமே குடுக்கலையாம்மா?”

அன்று காலையில் அவளுடன் அமர்ந்துதான் அவர் உண்டிருந்தார்.

அப்போரில் அக்கப்பலில் சமையல் வேலை பார்த்தவரை அவள் பிறகு தேடிச் சென்று கண்டாள். குண்டு பட்ட ஐந்தாம் நாள்தான் கப்பல் கரை சேர்ந்ததாம். அன்று காலைவரை உள்ளே தட்டிக்கொண்டிருந்தார்களாம்.