மூன்றாம் கேட்டில் ஸ்கேன் செய்யாமல் விட்டவர்கள்

1. பஸ் தரிப்பு வரை

யோகன் அண்ணையின் வெள்ளை வான் என்னைக் கடந்து போனது. நிற்கவில்லை.

கல்லூரி வளவிலிருந்து பஸ் தரிப்புக்கு நடந்தால் இருபது நிமிடம். நடைபாதை பாதி வழியில் முடிந்துவிடும். மிச்சத் தூரம் வீதியோரம்தான், கார்கள் அடித்துவிட்டுப் போகும் பனிச்சேற்றை வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டு பருவமாக ஒவ்வொரு ஆட்டம் முடிந்தபிறகும் அந்த வானில்தான் நாங்கள் இருக்கும் அஹுன்ட்சிக் பகுதி வரை வந்தேன். என்னுடைய வாடகை அறையும் அவருடைய வீடும் இரண்டு தெரு இடைவெளியில் இருந்தன. அன்று ஆட்டம் இல்லை, ஒரு கூட்டம் நடந்தது. அதில் எழுந்து ஒரு விஷயம் சொன்னேன். அதன்பிறகு வேலையும் இல்லை, வானில் இடமும் இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கட்டாரில் தகரம் அடித்தேன், ரொறன்ரோவில் கோப்பை கழுவினேன், மொன்றியலுக்கு வந்து எத்தனை வேலை பார்த்தேன் என்று எண்ணவில்லை. அநேகமான வேலைகளை நானே விட்டேன். சிலவற்றில் அனுப்பினார்கள். எதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. கேட் வேலைக்கு வரப்போகும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை மட்டும் எழுதுகிறேன்.

2. கேட் வேலை என்றால்

அது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஃபுட்போல். எனக்கு விதிகள் இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. என் வேலைக்கு அது தேவையும் இல்லை. மைதானத்துக்கு மூன்று கேட். தெற்குப் பக்கத்து மூன்றாம் கேட் என்னுடையது. மஞ்சள் வெஸ்ட் போட்டுக்கொண்டு, கையில் ஸ்கேனருடன் நிற்க வேண்டும். டிக்கற்றில் உள்ள பார்கோடில் ஸ்கேனரைப் பிடித்து விசையை அமுக்கினால் 'பீப்' என்று கேட்கும். அந்த ஆள் உள்ளே போய்விட்டார் என்று டிக்கற் ஓஃபிஸ் கணினியில் ஒரு எண் கூடும். கூட்டம் எவ்வளவு என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. வேறு யாரும் தலைகளை எண்ணுவதில்லை.

ஓஃபிஸுக்குப் பொறுப்பு ராகவன் சேர். சென்னைக்காரர், நிறையப் படித்தவர். ஆட்டம் முடியும்வரை ஜன்னல் இல்லாத டிக்கற் அறையில் கணினிக்கு முன்னால்தான் இருப்பார். "மேட்ச் எப்படிப்பா போகுது?" என்று வோக்கி-டோக்கியில் கேட்பார். "கத்துகினம் சேர், நல்லாப் போகுது போலதான்" என்பேன். அவருக்குச் சிரிப்பு வரும்.

யோகன் அண்ணை பேக்கரித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்பவர். அவருடைய மகன் பிரதீப் அந்த அணியில் இரண்டாம் வருடம் விளையாடினான். அந்தக் கல்லூரியில் அவன் சேர்ந்ததே ஃபுட்போலுக்காகத்தான். பாடத்தில் சுமார். அணி இருந்தால்தான் படிப்பை முடிப்பான் என்பது அண்ணையின் கணக்கு.

3. விலை ஏறியது

இரண்டாவது பருவம் தொடங்கியபோது டிக்கற் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. விளையாடுகிறவர்களின் பெற்றோருக்குக் கொடுத்துவந்த இலவச பாஸையும் நிறுத்தினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் ஆட்டத்திலேயே கதை பரவியது. ஜில் என்று ஒரு கிழவர், அணியின் தொப்பி இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. என் வரிசையில் நின்றபடி பிரெஞ்சில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: ஆட்களை வரவிடாமல் செய்யத்தான் இந்த விலை, ஆட்கள் வரவில்லை என்று காட்டி அணியை மூடப் போகிறார்கள். வரிசை முழுவதும் தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

யோகன் அண்ணை மனைவியோடும் தங்கை குடும்பத்தோடும் வந்தார். கையில் போன வருடத்துப் பாஸ்.

"இது இனிச் செல்லாதாமே தம்பி? பேந்து வாறன், ஓஃபிஸிலை போய் டிக்கற் எடுத்துக்கொண்டு."

எங்கள் கலியாண மண்டப வாசலில் யாரும் அழைப்பிதழைக் கேட்பதில்லை. வந்தவரை வா என்றுதான் பழக்கம். தெரிந்த முகத்தை, அதுவும் மகன் உள்ளே விளையாடும்போது, வாசலில் மறிக்க எனக்குக் கை வரவில்லை. பாஸின் மேல் ஸ்கேனரைப் பிடித்தேன். விசையை அமுக்கவில்லை.

"போங்கோ அண்ணை, போங்கோ. போன் மாட்ச்!" பிரெஞ்சில் 'நல்ல ஆட்டமாக அமையட்டும்' என்று கேட்டில் எல்லோருக்கும் சொல்வதுதான்.

"உண்மையாவோ?"

"ஆட்களை மறிக்கிறது மறியல் வீட்டுக் காவல்காரன் செய்யிற வேலை. நீங்கள் போங்கோ."

அண்ணி சிரித்துக்கொண்டே சுடச்சுட இரண்டு றோல்ஸைப் பேப்பரில் சுற்றித் தந்தாள்.

அடுத்த ஆட்டத்துக்கு மற்றப் பெற்றோரும் பழைய பாஸோடு என் கேட்டுக்கே வந்தார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் ஜில்லும் அவருடைய கூட்டாளிகளும். முதலாம், இரண்டாம் கேட்டில் ஈயாடியது, என் வரிசை தெருவரை நின்றது. எல்லோருக்கும் ஸ்கேனரை நீட்டினேன், 'போன் மாட்ச்' சொன்னேன், அமுக்கவில்லை. ஓஃபிஸின் களவான திட்டத்தைத் தனியாளாக உடைக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

4. கதிரை அடுக்கியபோது

பருவம் முடிந்து சில நாளில் மின்னஞ்சல் வந்தது. அடுத்த வருடம் ஃபுட்போல் அணி இல்லை. பெற்றோரும் ரசிகர்களும் கொதித்தார்கள். சனிக்கிழமை மதியம் கல்லூரிச் சாப்பாட்டு மண்டபத்தில் விளக்கக் கூட்டம் என்று அறிவித்தார்கள். கதிரை அடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ராகவன் சேரும் என்னோடு கதிரை தூக்கினார். முகம் செத்திருந்தது.

"விலையை ஏத்தாமல் விட்டிருக்கலாம் சேர்," என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன்.

கதிரையைக் கீழே வைத்தார். "ஏத்தச் சொன்னதே நான்தான் செல்வம். போன வருஷமே நிர்வாகத்துல அணியை மூடுறதா இருந்தாங்க. 'ஒரு சீசன் டைம் குடுங்க, கேட்லேர்ந்து வருமானம் வருதுன்னு காட்டுறேன்'னு கெஞ்சி வாங்கினேன். பாஸை நிறுத்தினதும் அதுக்குத்தான்."

"அதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா பசங்க வேற காலேஜ் தேடிட்டுப் போயிடுவாங்கன்னு வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. சரி, ஜனம் வந்தா போதும்னு நெனச்சேன். ஜனமே வரலையேப்பா. கம்ப்யூட்டர்ல நம்பர் விழுந்துட்டே போச்சு. செவ்வாய்க்கிழமை நிர்வாகத்துல அந்த முடிவைக் கடைசியா ஒரு தடவை பாக்கறாங்க. எதை வச்சுப் பேசறதுன்னு தெரியல."

அந்த எண் விழுந்தது என் விரலால். அமுக்காமல் விட்ட ஒவ்வொரு முறையும் நான் அணியை மூடிக்கொண்டிருந்தேன். அங்கேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த கதிரையைத் தூக்கினேன். எல்லோருக்கும் முன்னால் சொன்னால் செவ்வாய்க்கிழமைக்கு உதவும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

5. கூட்டம்

கல்லூரியின் துணை அதிபர் ஒரு பெண்மணி. திரையில் ஆட்டவாரியாக எண்களைப் போட்டுக் காட்டினார். மண்டபம் இரைந்தது. "தெற்குப் பக்கம் நிறைஞ்சு கிடந்தது, நான் அதிலைதான் இருந்தனான்," என்று யோகன் அண்ணை முதலில் தமிழில் கத்தி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். ஸ்கேனர் அப்படிச் சொல்லவில்லை என்றார் துணை அதிபர்.

நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்றாம் கேட்டில் நான் பலரை ஸ்கேன் செய்யாமல் விட்டேன். கூட்டம் வந்தது. எண்தான் பிழை.

துணை அதிபர் கேட்டார்: "எத்தனை பேர்?"

"எண்ணவில்லை. ஆட்டத்துக்கு நூறு பேருக்கு மேல் இருக்கும்."

"அவர்கள் டிக்கற் வாங்கியிருந்தார்களா?"

"இல்லை."

குறித்துக்கொண்டார். "அப்படியென்றால் இவர்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்கள் இல்லை," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அப்போது ஜில் எழுந்து என்னைக் கைகாட்டினார். ஸ்கேன் செய்யாதே என்று உனக்குச் சொன்னது யார்? ஓஃபிஸா? மண்டபம் அதைப் பிடித்துக்கொண்டது. எண்ணைக் குறைக்க ஓஃபிஸே ஆள் வைத்திருக்கிறது, அதனால்தான் இவன் சும்மா விட்டான் என்று நாலு பக்கமும் கத்தினார்கள். ஒருவரும் சொல்லவில்லை என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. ராகவன் சேர் என்னைப் பார்த்தார். அணிக்காகக் கெஞ்சிய ஒரே ஆளை அணியை விற்றவனாக்கிவிட்டேன். வெஸ்டைக் கழற்றி அவருக்கு முன்னாலிருந்த மேசையில் வைத்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் யோகன் அண்ணை நின்றார்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. உங்களைப் பாத்துத்தான்…"

"என்னைப் பாத்தோ? நான் கேட்டனானோ உன்னட்டை? டிக்கற் எடுத்துக்கொண்டு வாறன் எண்டனான். நீ மறிச்சிருந்தா நான் காசைக் கட்டியிருப்பன். ஏசி ஏசியெண்டாலும் கட்டியிருப்பன். என்ரை பிள்ளைக்கு இனி என்ன வழி, சொல்லு பாப்பம்?"

"விடுங்கோப்பா, வாங்கோ," என்றாள் அண்ணி. என் பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமையும் முடிவு மாறவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பிரதீப் படிப்பை விட்டுவிட்டுத் தகப்பனின் பேக்கரியிலேயே ஷிஃப்டுக்குப் போகிறானாம்.

6. மறுநாள் காலை

கூட்டத்துக்கு அடுத்த நாள், ஞாயிறு விடிய, ஆட்களை நாள்கூலிக்கு ஏற்றும் மினிபஸ் மெட்ரோ வாசலில் நின்றது. ஏறினேன். புறநகரான புரோசார்ட்டில் ஒரு மரக்கறிக் கிடங்கு. கரட் கழுவிப் பெட்டியில் போடும் வேலை. தண்ணீர் ஐஸ் போல.

பக்கத்தில் நின்றவன் சுதன், சாவகச்சேரிப் பெடியன். நான் வந்து பத்து நிமிடத்துக்குள் சொன்னான்: "அண்ணை, ஆளுக்கு ஒரு சோடி கிளவுஸ்தான் இனி. நனைஞ்சாலும் மாத்தேலாது. எங்களைக் குளிரிலை விறைக்க வைச்சு நாங்களாவே விட்டுட்டுப் போகட்டும் எண்டுதான் உந்த முதலாளிமார் செய்யினம். ஸ்டோரிலை பெட்டி பெட்டியாக் கிடக்கு. கேக்காமல் எடுப்பம் வாங்கோ."

தலையாட்டப் போனேன். என் தலை எவ்வளவு சுலபமாக ஆடும் என்று அப்போதுதான் தெரிந்தது. விலை ஏன் ஏறியது என்று ராகவன் சேரிடம் ஒரு பருவம் முழுவதும் நான் கேட்கவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் சொன்னதை நம்பிக்கொண்டு, அவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்று நின்றேன். கேட்டிருந்தால் அவர் சொல்லாமலும் விட்டிருக்கலாம். ஆனால் கேட்காதது நான்தான்.

கரட் வரும் பெல்ட்டை விட்டு விலகி, மேற்பார்வைக்கு நின்ற ஹெய்ட்டிக்காரப் பெண்ணிடம் போய் என் உடைந்த பிரெஞ்சில் ஏன் ஒரு சோடி என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தாள். ஸ்டோரில் இருப்பது வேறு அளவு, எங்கள் கைக்குரியது புதன்கிழமை வரும் என்றாள்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. சுதன் சொன்னது உண்மையா என்றும் தெரியாது. புதன்கிழமை வரை இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். நனைந்த கிளவுஸைப் பிழிந்து மறுபடி மாட்டிக்கொண்டு கரட்டுக்குத் திரும்பினேன்.