இரண்டாம் பாகம் பார்க்க வந்தவர்

பெஞ்சு டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தேன். கட்டைவிரலில் கார்பன் சுட்ட பழைய தழும்பு. நிமிர்ந்தால் எங்கள் பழைய ஆபரேட்டர் அண்ணன். முழங்கால் வரை புழுதி. அடக் கடவுளே, இந்த மனுஷன் இப்போது ஏன் வந்து தொலைத்தார் என்று பயந்துபோனேன்.

பயப்படாமல் என்ன செய்வது? கள்ளக்குறிச்சி ஓரத்தில் இருந்த எங்கள் சினிமாக் கொட்டகைக்குக் கீற்றுதான் கூரை. நான் அங்கே டிக்கெட் கிழிக்கிறவள். புரொஜக்டரில் வெளிச்சத்துக்காக எரிக்கிற கார்பன் குச்சிகளைத் திருடி விற்றார் என்று சொல்லி மேனேஜர் அவரை விரட்டியிருந்தார். விசாரணையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் போனபிறகும் குச்சி குறைந்துகொண்டேதான் இருந்தது. யார் எடுத்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதை இங்கே சொல்லமாட்டேன். போகும்போது, "திரும்பி வருவேன்யா, பாத்துக்க" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார் அண்ணன். கல்வராயன் மலையடிவாரத்தில் ஏதோ அரிசி மில்லில் இருப்பதாகக் கேள்வி.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். சாலைகளில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. படப்பெட்டி திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் கொட்டகையில் ஒரே இங்கிலீஷ் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆகாயக் கப்பல் படம், இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் கப்பல் தலைவன் ஒற்றைக்கண் வில்லன் ஒருவனைப் பிடித்து, அவன் ஆட்களோடு ஒரு பாழ் உலகத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். இதில் அவன் பழிவாங்கத் திரும்பி வருகிறான். பேசுவது ஒரு வார்த்தை புரியாது. அவன் கோபம் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

எங்கள் மேனேஜர் டீயில் ஈ விழுந்தால்கூட யார் போட்டது என்று கேட்கிற ஆள். அவரை மட்டும் சொல்லி என்ன? ஊரே அப்போது அப்படித்தான் இருந்தது. கடையில் கோடரிக்குக் காம்பு வாங்கினால் எதற்கு என்பார்கள். புது முகம் என்றால் "எந்தத் தெரு?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற ஆளில்லை நான். நேராகப் பெஞ்சுக்கே போய், "இன்னாண்ணே, கொட்டாய கொளுத்த வந்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தார். "ஐயே, போம்மா. மொத பாகம் நான் ஓட்னது. அவன அங்க உட்டுட்டுப் போனவன் ஒரு தபாகூட திரும்பிப் பாக்கல. அவன் இன்னா ஆனான்னு தெரியாம மனசு அடிச்சிக்கினே கீது. அதான் நடந்தே வந்துட்டேன்."

நம்பினேனா? சத்தியமாக இல்லை. படம் பார்க்க எவனாவது வெட்டிப்போட்ட மரத்தையெல்லாம் ஏறி இறங்கி நடந்து வருவானா? அவர் பீடி பற்றவைத்ததும் என் கண் கூரைக்குப் போனது. ஆனால் திரையில் ஒற்றைக்கண்ணன் வந்ததும் மனுஷன் பெஞ்சு நுனிக்கு நகர்ந்துவிட்டார். பீடி விரலிடுக்கிலேயே அணைந்து போனது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அப்போதுதான் என் சந்தேகம் தீர்ந்தது.

மேனேஜருக்குத் தீரவில்லை. அவர் ஆள் அனுப்பி வரவழைத்திருக்கிறார் போல, இடைவேளையில் ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்து நின்றார்கள். "மரம் வெட்டற கும்பல்லருந்து வந்துகிறான் சார்" என்று மேனேஜர் விரலை நீட்டினார்.

"படம் பாக்க வந்தாருங்க. நான்தான் டிக்கெட் கிழிச்சேன்" என்றேன்.

"நீ சும்மா இரும்மா" என்ற ஏட்டு, அண்ணன் பக்கம் திரும்பினார். "ஊரே பத்திக்கினு எரியுது. நீ அவ்ளோ தூரம் நடந்து சினிமா பாக்க வந்த? எங்க, மொத பாகத்துக் கதைய சொல்லு, பாக்கலாம்."

சொன்னார் பாருங்கள்! சோடா விற்கிறவர் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். கப்பல் கிளம்பும்போது ஒற்றைக்கண்ணன் மணலில் நின்று அண்ணாந்து பார்ப்பதைச் சொல்கையில் அண்ணனும் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அங்க தண்ணிக்கி இன்னா பண்ணுவாங்கன்னு ஒருத்தனாவது கேட்டானாங்க?" என்றார். ஏட்டு கடைசிவரை கேட்டார். "கதையெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "ஏறு வண்டில" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேனேஜரைக் கடித்துத் துப்பியிருப்பேன். வீட்டுக்குச் சொல்லி அனுப்பச் சொல்வார் என்று வேன் பின்னால் ஓடினேன். கம்பி வலையில் முகத்தை வைத்துக்கொண்டு அவர் கேட்டது வேறு. "யம்மா, கடைசில அவன் இன்னாம்மா ஆவறான்?"

எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் பார்த்தவள் நான். கடைசியில் ஒற்றைக்கண்ணன் தன் கப்பலோடு வெடித்துச் சிதறிப் போவான். அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? "தப்பிச்சிடறாண்ணே! ஆளுங்களோட ஊரு போய் சேந்துடறான்!" என்று கத்தினேன். "அப்டிப் போடு!" என்று கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். வேன் போய்விட்டது.

கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்களாம். எங்கள் பக்கம் அவர் வரவே இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. அந்தப் படம் தமிழ் பேசிக்கொண்டு டிவியில் அடிக்கடி வருகிறது. கடைசிக் கட்டம் வந்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அவரும் எங்கேயாவது பார்த்திருப்பார். எல்லோரும் தன்னைச் சந்தேகப்பட்ட அன்றைக்கு இவள் ஒருத்திதான் நம்பினாள் என்று என்னை நினைத்து வைத்திருப்பார். அந்தக் கப்பல் வெடித்தபோது, இவளும் பொய்தான் சொல்லியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.