நனையாத பூட்ஸ்

குனிமட்சு தெய்ஸோவுக்கு இரண்டு நாக்கு என்று நாராகி ஸ்டேஷனில் கேலி பேசுவார்கள். ஒன்று சோறு தின்ன, இன்னொன்று "சரி" சொல்ல. வீட்டில் மனைவி தோமி சூப்பில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட, கிண்ணத்தை நோக்கி விரலை நீட்டி, "உப்பு, சரி!" என்பார்.

எல்லாம் தொழில் கொடுத்த பழக்கம். கசுமோரி மலை ரயில்பாதையில் அவர் கீமேன், தண்டவாளத்தைச் சோதித்துக் காக்கிற ஆள். விடியும் முன்பே நீளக் கைப்பிடிச் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு கிலோமீட்டர் தண்டவாளத்தோடு நடந்து போய்த் திரும்ப வேண்டும். வழியில் எதையும் பார்த்தால் மட்டும் போதாது. விரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இணைப்பு, சரி! பாலம், சரி! சுரங்கம், சரி!" கண் அசந்தாலும் விரல் எழுப்பிவிடும், விரல் அசந்தாலும் வாய் எழுப்பிவிடும் என்பது எங்கள் ரயில்காரர்களின் நம்பிக்கை. விரலும் வாயும் விழித்திருக்க, மனசு மட்டும் தூங்கும் நாளும் உண்டு என்று யாரும் விதிப் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை.

அந்த நாலு கிலோமீட்டரில் தெய்ஸோ பயந்தது ஒரே இடத்துக்குத்தான். மூன்றாம் சுவர். மலையை வெட்டிப் பாதை போட்ட இடத்தில், மண் சரியாமலிருக்க எழுப்பிய கல் சுவர் அது. மலைக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற அதில் ஆறு குழாய்கள் வைத்திருந்தார்கள். மழை பெய்தால் அவற்றிலிருந்து கொட்டும் தண்ணீர் நடைபாதையில் ஓடி, பூட்ஸைக் கணுக்கால்வரை நனைக்கும். நனைந்தால் நிம்மதி. கலங்கலாக வந்தால் கவனம். மழை கொட்டித் தீர்த்த பிறகும் குழாய் காய்ந்து கிடந்தால் மட்டும் ஒன்றும் யோசிக்கக் கூடாது, ஓடிப்போய் ரயிலை நிறுத்த வேண்டும். உள்ளே அடைபட்ட தண்ணீர் மலையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே தெய்ஸோதான்.

1982 ஜூனில் ஒருநாள் தண்ணீர் கலங்கலாக வந்தது. சிவப்புக் கொடி காட்டி ரயிலை நிறுத்தினார். ஐம்பது நிமிஷம். மலையில் ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. ரயிலில் இருந்த பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை தவறிப்போனது. பெற்றோர் ஸ்டேஷனுக்கு வந்து கத்தினார்கள். எங்கள் ஊரில் மனுஷன் என்ன தப்புச் செய்தாலும் ஒரு நாள் மன்னித்துவிடுவார்கள், ரயில் தாமதமாக வந்தால் மன்னிக்க மாட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு வீடாகப் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் நின்று அவரைவிடத் தாழக் குனிந்தார் தெய்ஸோ. பதினேழு வீடுகள்.

அதன்பிறகு டிரைவர் மினோருவின் வாய்க்கு நல்ல தீனி கிடைத்தது. இருவரும் ஒன்றாகக் குடிக்கிற அளவுக்குச் சிநேகம்.

"என்ன தெய்ஸோண்ணே, இன்னிக்கு எந்த நத்தை தண்டவாளத்தைத் தாண்டுது? அது தாண்டுற வரைக்கும் நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டுக்கறேன்!"

"போடா. ஒரு நாள் என் கொடியைப் பாத்துக் கும்பிடு போடுவே."

"பூ வெச்சே கும்பிடறேன், போதுமா? ஆனா பரீட்சை நாளா பாத்து நிறுத்தாதீங்க, அந்தம்மாங்க என்னையும் சேத்துல்ல திட்டுறாங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தெய்ஸோவும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

ஜூலையில் மூன்று நாள் அடைமழை. மூன்றாம் நாள் நள்ளிரவில்தான் விட்டது. விடியும் முன்பே தெய்ஸோ வழக்கம்போல் நடந்தார், வழக்கம்போல் விரல் நீட்டினார், ஆறரைக்குக் குடிசைக்குத் திரும்பி, பதிவேட்டில் "மூன்றாம் சுவர், சரி" என்று எழுதினார். ஸ்டேஷனை ஒட்டிய குடிசை அது. சோறு, முள்ளங்கி ஊறுகாய், மிசோ சூப். பாதி சூப் குடித்திருப்பார், வாசலில் கழற்றிப் போட்ட பூட்ஸ் கண்ணில் பட்டது.

அடியில்தான் ஈரம். கணுக்கால் பக்கம் காய்ந்திருந்தது.

சுவரை நினைத்துப் பார்த்தார். விரல் நீட்டியது நினைவிருந்தது, "சரி" என்ற தன் குரல் நினைவிருந்தது. குழாய் மட்டும் நினைவில் வரவில்லை. மணி ஆறு நாற்பத்தெட்டு. ஆறு ஐம்பதுக்கு மினோருவின் ரயில் கிளம்பும். டெலிபோன் நாலடி தூரத்தில் சுவரில் தொங்கியது. எடுத்துச் சொன்னால் ரயில் நிற்கும். மலை சரியாவிட்டால் மறுபடி பதினேழு வீடு, மறுபடி நத்தை. மழை விட்டு நேரமாகிவிட்டது, தண்ணீர் தானாக வற்றியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கிண்ணத்தில் மிச்சமிருந்த சூப்பைக் குடித்து முடித்தார். குடித்த பிறகுதான் எழுந்தார்.

விசில் கேட்டது. ஜன்னலைத் தாண்டும்போது மினோரு கையைத் தூக்கிச் சிரித்தான். தெய்ஸோ கொடியோடு வெறுங்காலில் வெளியே ஓடியபோது கடைசிப் பெட்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது. நாலு நிமிஷத்தில் மலை இறங்கிய சத்தம் வந்தது.

மினோரு பிரேக்கை விடாமல் பிடித்திருந்ததால் பயணிகள் பிழைத்தார்கள். இரண்டு பேருக்குக் கால் முறிவு, அவ்வளவே. மண் மூடியது முன்பக்கத்தை மட்டும்தான். மண்வெட்டி பட்டுவிடுமோ என்று பயந்து தெய்ஸோ கையாலேயே ஒன்பது மணி நேரம் தோண்டினார். இரண்டு விரல்களில் நகம் பெயர்ந்தது. மினோருவின் உடலை முழுசாக வெளியே எடுத்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் பதிவேட்டைப் புரட்டினார்கள். சரி என்று இருந்தது. எதிர்பாராத இயற்கைச் சீற்றம், ஊழியர் தவறு ஏதுமில்லை என்று அழகாக எழுதி முத்திரை குத்தினார்கள். தெய்ஸோ வாய் திறக்கவில்லை. தோமியிடம்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பரில், செத்தவர்களை நினைக்கும் நாட்களில், மினோருவின் மனைவி ஹத்சுயே வாசலில் வந்து நின்றாள். கையில் துணியில் கட்டிய டப்பா. உள்ளே இனிப்புப் பயறு விழுது பூசிய எட்டுச் சோற்று உருண்டைகள்.

"அவரை எனக்கு எடுத்துக் குடுத்தீங்களே அண்ணே. வேற என்ன செய்யறதுன்னு தெரியலை."

வருஷம் தவறாமல் வந்தாள். டப்பாவைக் கொடுத்துக் குனிந்துவிட்டு, உள்ளே வராமல் போய்விடுவாள். தெய்ஸோ அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவார்.

"கஞ்சப்பிசினாறி! பொண்டாட்டிக்கு ஒண்ணு குடுத்தா குறைஞ்சா போயிருவே?" என்பாள் தோமி. அவர் தனியாக உட்கார்ந்து தின்கிறார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

பன்னிரண்டு டப்பாக்களுக்குப் பிறகு, ஒரு வசந்த காலத்தில் தெய்ஸோவுக்கு ஓய்வு வந்தது. பிளாட்பாரத்தில் சின்னப் பாராட்டுக் கூட்டம். இருபத்தெட்டு வருஷம் ஒரு குறையும் இல்லாத சேவை என்றார் புது ஸ்டேஷன் மாஸ்டர். ஹத்சுயே பூங்கொத்தோடு முன்னால் வந்து, எல்லோர் எதிரிலும் இடுப்பு மடிய அவரை வணங்கினாள். கூட்டம் கலைந்ததும் தெய்ஸோ அவளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"ஹத்சுயேம்மா, அன்னிக்கு என் பூட்ஸ் நனையலை."

"எந்தப் பூட்ஸ்?"

சொன்னார். குழாய், பதிவேடு, ஜன்னலில் தெரிந்த சிரிப்பு, ஒன்றையும் விடவில்லை. அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன் எவ்வளவு தூரத்துல இருந்துது?"

"நாலடி."

"சூப் எவ்வளவு மிச்சம் இருந்துது?"

"அரைக் கிண்ணம்."

கைக்குட்டையை நாலாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"வருஷா வருஷம் நான் கொண்டுவந்து குடுத்தேனே. எப்படிண்ணே இறங்கிச்சு உங்க தொண்டையில?"

"இறங்கலைம்மா. ஒண்ணுகூட. கொல்லையில குழி வெட்டி…"

"அதையும் மண்ணுக்குள்ளதான் போட்டீங்களா?"

எழுந்து போய்விட்டாள். பூங்கொத்து பெஞ்சிலேயே கிடந்தது.

இனி வரமாட்டாள் என்று தெய்ஸோ நினைத்தார். செப்டம்பரில் அதே நாளில், அதே துணிக் கட்டோடு வந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவர் எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"தின்னுங்க. என் கண்ணு முன்னாலே."

முதல் உருண்டை தொண்டையில் அடைத்தது. தோமி பதறி டீ எடுக்க எழுந்தாள்.

"டீ வேண்டாம்க்கா. சூப் இருந்தா குடுங்க. அரைக் கிண்ணம் போதும்."

தோமிக்கு ஒன்றும் விளங்கவில்லை, கொண்டுவந்து வைத்தாள். தெய்ஸோ கண்ணீர் தாடையில் வழிய எட்டையும் தின்றார். சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவர் கிண்ணத்தைக் கீழே வைக்கும்வரை ஹத்சுயே இமைக்காமல் பார்த்திருந்தாள். பிறகு காலி டப்பாவைத் துணியில் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த வருஷமும் வருவேன்."

அவர் சாகும்வரை, பத்தொன்பது வருஷமும் வந்தாள்.