ஜெய்ப்பூர் வழியில் என்னை விட்டுப்போன பஸ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸில் டூர் மேனேஜராகச் சேர்ந்தேன். "ஹிந்தி வருமுங்களா?" என்று முதலாளி கேட்டார். "நல்லா வருமுங்க" என்றேன். 'சலோ', 'ஜல்தி', 'கித்னா', அதாவது போகலாம், சீக்கிரம், எவ்வளவு, இந்த மூன்றும் நன்றாகவே வந்தன.

முதல் டூரே வட இந்தியா. பயணிகள் கிணத்துக்கடவு பக்கத்துத் தோட்டக்காரர்கள், பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். டெல்லி வரை ரயில், பிறகு வாடகை பஸ். டிரைவருக்கு ஹிந்தி மட்டும்தான் தெரியும். கைஜாடையிலேயே ஆக்ரா வந்துவிட்டோம்.

தாஜ்மகால் முன்னால் மனப்பாடம் செய்த வரலாற்றை முழங்கினேன். பயணிகளில் ஒருவரான ராசாத்தியம்மா குறுக்கே, "ஏங்கண்ணு, இத்தாப் பெரிய தோட்டத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருது?" என்றார். தெரியவில்லை. குரலை உயர்த்தி மேலே பேசினேன். கூட்டம் கலைந்து புல்வெளியில் உட்கார்ந்துகொண்டது.

ஜெய்ப்பூரிலாவது அசத்திவிட வேண்டும் என்று வெறி. வழியில் ஒரு கிராமத்து டீக்கடையில் பஸ் நின்றதும், கடைக்குப் பின்னால் போய்க் கடுகு வயலைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன். "அன்பான பயணிகளே! இதோ, இளஞ்சிவப்பு நகரம்!" என்று கையை நீட்டித் திரும்பினால், பஸ் நின்ற இடத்தில் புழுதிதான் இருந்தது.

நான் கேபினில் இருப்பதாகப் பயணிகளும், பின்னால் இருப்பதாக டிரைவரும் நினைத்திருக்கிறார்கள். முன்சீட்டிலிருந்த தோட்டக்காரர் பொன்னுசாமியண்ணன் டவுன் பஸ் பழக்கத்தில் "ரைட், போலாம்!" என்று குரல் கொடுத்திருக்கிறார். அது டிரைவருக்குப் புரிந்துவிட்டது.

செருப்பு அறுந்துபோக ஓடினேன். பிறகுதான் பயம் வந்தது. பாஷை தெரியாத ஊரில் வயதானவர்கள். ஒருவர் தொலைந்தாலும் வழியனுப்ப வந்த பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது? "சலோ! ஜல்தி!" என்று கடைக்காரரிடம் கத்தினேன். எங்கே போக வேண்டும் என்று கேட்டார் போலிருக்கிறது. "ஜெய்ப்பூர்" என்று அழாத குறையாகச் சொன்னேன்.

லாரி வரும் என்று ஜாடை காட்டி, வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி கம்பு ரொட்டியும் நெய்யும் வெல்லமும் வைத்தார். வெளியே கிணற்றில் ஒட்டகம் கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டகம் சுற்றிவர, சக்கரத்துப் பானைகள் வரிசையாக நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டின. பயத்தையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

செங்கல் லாரியில் ஏறி, செங்கல் நிறத்தில் ஹோட்டலில் இறங்கினேன். எல்லாரும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கோட்டையப் பாத்துப்போட்டு வந்துட்டமுங்க, நல்லா இருந்துச்சு" என்றார் பொன்னுசாமியண்ணன். நான் இல்லாததால் ஒரு குறையும் நேரவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"எங்க கண்ணு போனே? சாப்பிட்டயா?" என்றார் ராசாத்தியம்மா.

"கம்பு ரொட்டி சாப்பிட்டனுங்க. அங்க ஒட்டகம் கட்டித் தண்ணி இறைக்கறாங்க."

"ஒட்டகமா!"

நாற்காலிகள் என்னைச் சுற்றி வந்தன. கிணறு என்ன ஆழம், பானையை எதில் கட்டியிருக்கிறார்கள், ரொட்டியைத் தட்டினார்களா தேய்த்தார்களா என்று கேட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. மறுநாள் அரண்மனைக்குப் போக ஆள் இல்லை. பஸ் அந்தக் கிராமத்துக்கே திரும்பியது. கடைக்காரர் மனைவியிடம் ராசாத்தியம்மா ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டார். இருவரும் அவரவர் பாஷையில் பேசிச் சிரித்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நாம் பார்த்து வியக்காத ஊரை அடுத்தவருக்குக் காட்ட முடியாது. இதைத் தெரிந்துகொள்ள எல்லாரும் பஸ்ஸைத் தவறவிட வேண்டும் என்பதில்லை, எனக்கு வேண்டியிருந்தது.