மாட்டைக் கூப்பிடுகிற குரல்

“...மாட்டைக் கூப்பிடேக்க உமக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறேல்லையே மச்சாள், சாமியைக் கூப்பிட மட்டும் ஏன் புடைக்குது?” என்று கேட்டாள், என் தம்பியின் மனைவி.

அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான பாப்பாமோட்டைக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் சாமியை வைத்த வருடம் அது. வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு நான்தான் முதற்குரல். மேலே ஏறுகிற அடி வந்தால் என் தொண்டை அடைத்துவிடும். இந்த வெள்ளியும் அடைத்தால் இனி ரேடியோவில் கசெற் பாட்டுத்தான் என்று கோயில்காரர் சொல்லிவிட்டார்கள்.

“இந்த உப்புச் சவர்த் தண்ணி குடிச்சா இப்பிடித்தான்,” என்றேன்.

“ஓம், ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்,” என்று கைத்தாளத்தைத் தட்டினாள்.

எனக்கு உறைத்தது. முகாம் இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கத்தியே பாடிப் பழகியவள் நான். அன்று பின்னேரம் குளக்கட்டில் நின்று மாட்டைக் கூப்பிடும்போது என்னை நானே கவனித்தேன். தாடை தொங்கியது, தோள் இறங்கியிருந்தது, மூச்சு வயிற்றிலிருந்து தானாக வந்தது. அக்கரையில் பசு தலையைத் தூக்கியது. அதே வாயோடு பாட்டைத் தொடங்கினேன். மேலடி நோகாமல் வந்தது.

வெள்ளிக்கிழமையும் அப்படியே பாடினேன். வாயைப் பிளந்து பாடுவது அழகில்லைத்தான், சாமி பொறுத்துக்கொள்ளும். மேலடி கொட்டிலைத் தாண்டி வயல்வரை போனது எனக்கே கேட்டது.

பாட்டு முடிந்ததும் தம்பியின் மனைவி கைத்தாளத்தை வைத்துவிட்டு எழும்பினாள். கோயில்காரர் ஆயத்தமாக வைத்திருந்த ரேடியோவிலிருந்து கசெற்றைக் கழற்றித் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.