நாகஜோதி மறுபடி களம் இறங்கினாள்

நாகமலை புதுக்கோட்டையில் பள்ளி வேன் ஓட்டும் நாகஜோதி, கல்லூரியில் வாலிபால் ஆடியவள். கல்யாணத்தோடு விட்ட ஆட்டத்தை ஐம்பது வயதில் மறுபடி பிடித்துக்கொண்டாள். வில்லாபுரத்தில் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குப் போட்டி என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். அதற்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருப்பது தெரிந்தது.

டாக்டர் தமிழ்வாணி ஒளிக்காமல் சொன்னார். "ரத்தப் புற்றுநோய்தான்மா. ஆனா மெதுவாப் போற வகை, ஆரம்பக் கட்டம். இப்போ மருந்து வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒருதடவை பார்ப்போம்."

மருந்து வேண்டாம் என்றதுதான் அவளை அலைக்கழித்தது. சும்மா இருந்தால் நோய் வளராதா? ஆரப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருந்த கொழுந்தன் முத்துப்பாண்டி கோதுமைப்புல் பொடி, மஞ்சள் மாத்திரை, கிரீன் டீ மாத்திரை என்று பை நிறையக் கொண்டுவந்தான்.

"எல்லாம் இயற்கை மதினி. ஒண்ணும் செய்யாது."

ஒன்று விடாமல் விழுங்கினாள். உள்ளங்கை நிறைய மாத்திரை இருந்தால் நோயோடு மல்லுக்கு நிற்பதுபோல் இருந்தது.

அடுத்த பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் அப்படியே இருந்தன. ஈரல்தான் பாதிக்கப்பட்டிருந்தது.

"வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்க, நாகஜோதி பையை மேஜையில் கொட்டினாள். அவர் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் படித்தார்.

"குழம்புல மஞ்சள் போடுங்க, டீ குடிங்க. அது வேற. இப்படிச் சாரத்தை மட்டும் செறிவா இறக்குன மாத்திரை சிலருக்கு ஈரலைக் கெடுத்துரும். எல்லாத்தையும் நிறுத்துங்க."

"வாலிபால் ஆடலாமா?"

"ஈரல் சரியாகட்டும். இந்த நோயில மண்ணீரல் வீங்கலாம், அப்போ விழுந்து அடிபட்டா ஆபத்து. ஸ்கேன்ல பாத்துட்டுச் சொல்றேன்."

விஷயம் தெரிந்து முத்துப்பாண்டி குன்றிப்போனான். "நான்தான் கெடுத்துட்டேன் மதினி."

"நீங்க குடுத்தீங்க தம்பி, வாயில போட்டது நான்தான. போட்டிக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க, போதும்."

போட்டிக்கு முந்தின வாரம் ஈரல் தேறியிருந்தது. மண்ணீரலும் வீங்கவில்லை. டாக்டர் ஆடலாம் என்றதுமே, மருத்துவமனை வாசலில் நின்று அணித்தலைவி முனீஸ்வரிக்குப் போன் போட்டாள்.

"வாரேன்டி. என் இடத்தை யாருக்கும் குடுத்துறாத."

அரையிறுதியின் கடைசி செட்டில் இரண்டு அணியும் சமம். எதிரணி அடித்த பந்து கோட்டோரம் இறங்கியது. நாகஜோதி முழு நீளத்துக்கு விழுந்து அதைத் தூக்கிவிட்டாள். எழும்பிய பந்தை முனீஸ்வரி வலைக்கு மேல் அறைந்தாள். அடுத்த பாயிண்டும் அவர்களுக்கே, அதோடு ஆட்டமும். முத்துப்பாண்டி தொண்டை கட்டுமட்டும் கத்தினான். முழங்கையில் அப்பிய மண்ணோடு நாகஜோதி குதித்தாள்.

இறுதிப் போட்டியில் தோற்றார்கள். திரும்பும் வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுப்பார்கள், அணுக்கள் கூடியும் இருக்கலாம். அதற்குள் துள்ளி எழுந்து சர்வீஸ் போடப் பழகிவிட வேண்டும் என்று கொழுந்தனிடம் கைவீசிக் காட்டிக்கொண்டே வந்தாள்.